எம்பெருமானுக்கு மூன்று சாட்சிகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்று எம்பெருமானுக்கு ஐந்து நிலைகளை நம் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்துள்ளனர். இவற்றுள் நமக்கு எட்டக்கூடியது அர்ச்சாவதாரம் ஒன்றே. அந்நிலையில் ஸர்வேச்வரன் தன் ஸ்வாதந்த்ரியத்தை அறவே மறைத்துக்கொண்டு, அர்ச்சக பராதீனனாக எழுந்தருளியிருக்கிறான். நாம் நீராட்டினால் நீராடுகிறான். அமுது செய்வித்தால் அமுது செய்கிறான். எழுந்தருளப்பண்ணினால் வீதிக்கு வருகிறான். அவ்வளவு தூரம் தன்னை நம் கையில் ஒப்படைத்தவனுக்குத் தன் சரித்திரத்தைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதே ஆகிறது. இன்ன மூர்த்தி, இன்ன ஊர்க்குரியவர், இன்னாரால் ஆராதிக்கப்பட்டவர் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டிய காலம் வரும்போது, நாம் வாய்மூடி நிற்கலாகாது.

திருவிழா ஸேவிக்க வந்திருக்கும் ஆஸ்திக மஹாஜனங்களுக்கு இம்மலர் வாயிலாக அடியேன் விண்ணப்பிக்க விரும்புவது இதுவே. ஒரு கோயிலின் சரித்திரத்துக்கு மூன்று சாட்சிகள் உண்டு: பெரியோர் வாய்மொழி, எழுத்திலுள்ள சாசனம், புகைப்படம். இம்மூன்றையும் எப்படித் தேடுவது, எப்படிப் பரிசோதிப்பது, எப்படிக் காப்பது என்பதைச் சில உண்மை வரலாறுகளைக் கொண்டு பார்ப்போம்.

வாய்மொழியின் சாட்சி

கி.பி. 1323ல் டில்லிப் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தபோது, பிள்ளை லோகாசார்யர் முதுமையையும் பொருட்படுத்தாமல் உத்ஸவமூர்த்தியைப் பாதுகாப்பாக எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றதும், வழியில் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்ததும் நாம் அறிந்தவை. அதன்பின் அழகியமணவாளன் பல தேசங்களில் ஸஞ்சரித்துத் திருமலையில் நெடுநாள் எழுந்தருளியிருந்து, 48 ஆண்டுகள் கழித்து 1371ல் திருவரங்கம் திரும்பினார்.

திரும்பிய அன்று ஒரு பெருங்குழப்பம் நேர்ந்தது என்று கோயிலொழுகு கூறுகிறது. இடைக்காலத்தில் வேறொரு உத்ஸவமூர்த்தி அங்கே ஆராதிக்கப்பட்டு வந்தார். பழைய மூர்த்தியைக் கண்ணால் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். வந்தவர்தாம் நம் பெருமாளா என்று எவராலும் துணிந்து சொல்ல முடியவில்லை. அப்போது முன்வந்தவர் ஓர் ஈரங்கொல்லி. பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துவந்த கண்பார்வையற்ற முதியவர். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து ஈரவாடைத் தீர்த்தத்தைத் தரச் செய்து, அதன் பரிமளத்தையும் சுவையையும் கொண்டே, வந்தவர்தாம் நம் பெருமாள் என்று அவர் உறுதி கூறினாராம். நம்பெருமாள் என்னும் திருநாமம் அதுமுதலே வழங்கலாயிற்று என்பது ஸம்ப்ரதாயம்.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அன்று சாட்சி சொன்னவர் அதிகாரியோ வித்வானோ அல்லர். துணி வெளுக்கும் கைங்கர்யபரர். கோயிலின் நினைவு கோயிலுக்குள்ளே மட்டும் இருப்பதில்லை. பூக்கட்டுபவர், வாத்தியம் வாசிப்பவர், பல்லக்குச் சுமப்பவர், மடைப்பள்ளிக்கு விறகு கொடுத்தவர் ஆகியோரின் வீடுகளிலும் அது குடியிருக்கிறது. நூலும் துணியும் தொழிலாகக் கொண்ட நம் திருப்பூர்ச் சீமைக்கு, ஈரத்துணியைக் கொண்டு பெருமாளை அறிந்த கதை இன்னும் நெருக்கமானதன்றோ?

சாசனத்தின் சாட்சி

வாய்மொழி மட்டும் இருந்திருந்தால் அதைக் கதையென்று தள்ளுவோர் உண்டு. ஆனால் விஜயநகர அரசின் அதிகாரியான கோபணார்யர் பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சிக்கும், செஞ்சியிலிருந்து திருவரங்கத்துக்கும் எழுந்தருளப்பண்ணிப் பிரதிஷ்டை செய்த செய்தி, சக ஆண்டு 1293 என்ற காலக்குறிப்போடு திருவரங்கம் கோயிலிலேயே கல்லில் உள்ளது. சக ஆண்டோடு 78 கூட்டினால் 1371 வருகிறது. ஈரங்கொல்லியின் பெயரைக் கல் சொல்லவில்லை. ஆனால் அவர் சாட்சி சொன்னதாகக் கூறப்படும் நிகழ்ச்சி நடந்த காலத்தைக் கல் உறுதி செய்கிறது. கதையும் கல்லும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

எழுத்தைக் காப்பதில் நம் முன்னோர் காட்டிய கவனத்துக்குத் திருமழபாடி ஓர் எடுத்துக்காட்டு. அது சிவாலயமாயினும் பாடம் அனைவருக்கும் பொது. முதலாம் இராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டப் பணித்தான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். பின்னர் அவன் குமாரன் இராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஜீர்ணோத்தாரணம் என்றால் பழைய எழுத்தை முதலில் படியெடுப்பது என்ற மரபு இருந்திருக்கிறது. இயந்திரத்தால் மணலை வீசிச் சுவரைத் துலக்குகிறோம் என்று எழுத்தையும் சேர்த்துத் துலக்கிவிட்ட கோயில்கள் நம் காலத்தில் உண்டு என்பதை எண்ணும்போது, யார் நாகரிகம் மிக்கவர் என்ற கேள்வி எழுகிறது.

படத்தின் சாட்சி

மூன்றாம் சாட்சி புதியது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய தலங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கல்லெழுத்தை ஒளியால் படியெடுக்கலாம் என்பதற்கு நம் நாட்டில் அது ஒரு தொடக்கம்.

ஆனால் புகைப்படம் ஒரு பெருமாளையே மீட்டுத் தந்தது நம் காலத்தில்தான். 1955ல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மறு ஆண்டு முதல் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்துவந்தது. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த நாள் என்ற குறிப்போடு அவை வைக்கப்பட்டுள்ளன.

தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள அனந்தமங்கலம் ராஜகோபாலஸ்வாமி கோயிலின் ஸ்ரீராமன், ஸீதாபிராட்டி, இளையபெருமாள் ஆகியோரின் செப்புத் திருமேனிகளை 1958 ஜூன் மாதத்தில் அந்நிறுவனத்தார் படமெடுத்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1978 நவம்பரில், அத்திருமேனிகள் களவு போயின. கடல் கடந்து இங்கிலாந்தில் ஒருவரிடம் இருந்த மூர்த்திகளைத் தன்னார்வலர்கள் அண்மைக் காலத்தில் கண்டறிந்தபோது, எழுந்த கேள்வி திருவரங்கத்தில் எழுந்த அதே கேள்விதான்: இவர்தாம் அவர் என்று எப்படிச் சொல்வது? 1958ஆம் ஆண்டுப் படம் சாட்சி சொன்னது. திருமேனியின் அமைப்பும், ஆபரணங்களின் வேலைப்பாடும், காலத்தால் நேர்ந்த வடுக்களும் ஒத்திருந்தன. 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்தாரிடம் அவை ஒப்படைக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழகம் வந்து சேர்ந்தன. தசரத சக்ரவர்த்தித் திருமகனுக்கு முதல் வனவாஸம் 14 ஆண்டு. இந்த வனவாஸமோ 42 ஆண்டு. அதை முடித்துவைத்தது, தேதி எழுதிவைத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுந்தரபெருமாள்கோயில் ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதியைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் விக்ரஹத்தின் கதையும் இத்தகையதே. ஆக்ஸ்போர்டு நகரின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967ல் லண்டன் ஏலம் ஒன்றில் அவ்விக்ரஹத்தை வாங்கியது. அதே ஆழ்வார் கோயிலில் எழுந்தருளியிருப்பதைக் காட்டும் 1957ஆம் ஆண்டுப் படம் புதுச்சேரி நிறுவனத்தில் இருப்பதை 2019ல் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். அருங்காட்சியகத்தாரே அதை இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தனர். 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆட்சிக்குழு திருப்பித் தரும் கோரிக்கைக்கு இசைந்தது. திவ்யதேசங்களுக்கு மதில் கட்டிய ஆழ்வாருக்கு, தம் ஊரை நிரூபிக்க ஒரு படம் துணையாயிற்று.

பிரமாணம் என்னும் அளவுகோல்

நம் விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் பிரமாணங்கள் மூன்று: பிரத்யக்ஷம், அநுமானம், சப்தம். இவற்றைத் தத்வ விசாரத்துக்கு மட்டும் என்று ஒதுக்காமல், ஊர் வரலாற்றுக்கும் பொருத்திப் பார்த்தல் நன்று.

புகைப்படம் பிரத்யக்ஷம் போலத் தோன்றும். ஆனால் அது பிரத்யக்ஷத்தின் நிழலே. குறிப்பில்லாத படம் ஊமைச் சாட்சி. இன்ன ஊர் என்று அது தானே சொல்லாது. சாசனமும் வாய்மொழியும் சப்தத்தைச் சேர்ந்தவை; சொல்பவன் ஆப்தனாக, அதாவது உண்மை அறிந்தவனாகவும் பொய் சொல்ல அவசியமில்லாதவனாகவும், இருந்தால்தான் அவை பிரமாணமாகும். நிலம் தனக்கே உரியது என்று ஒருவர் எழுதிக்கொண்ட பத்திரத்தைவிட, வேறு காரியத்துக்காக எழுதிய கணக்கில் தற்செயலாக வரும் ஒரு வரி சில சமயம் அதிக நம்பகமானது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முடிவுக்கு வருவதே அநுமானம்.

பெயரைக் கொண்டு மட்டும் வரலாறு சொல்லிவிடக் கூடாது என்பதற்கு நம் அண்டையிலேயே உதாரணம் உண்டு. அமராவதிக் கரையிலுள்ள கடத்தூரில் ஈசனுக்கு அர்ஜுனேசுவரர் என்று திருநாமம். கேட்டவுடன் பாண்டவன் நினைவு வருதல் இயல்பு. ஆனால் வடமொழியில் அர்ஜுனம் என்பது மருதமரத்துக்கும் பெயர். திருவிடைமருதூர் மத்யார்ஜுனம் எனப்படுவதும் அதனாலேயே. ஆற்றங்கரையில் மருது வளர்வதும் இயல்புதானே! அவ்வாறே நம் கணியூரின் பெயரிலுள்ள கணி என்ற சொல்லுக்குச் சோதிடன் என்றும் வேங்கைமரம் என்றும் இரு பொருள் உண்டு. சோதிடர் ஊரா, வேங்கை நின்ற ஊரா என்று பெயரைக் கொண்டே தீர்ப்பளிக்க முற்படுவது அவஸரம். சாசனம் பேசும் வரை இரண்டையும் குறித்துவைப்பதே முறை.

கணியூர்ச் சான்றுகளைத் தேடும் வழி

கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளுள் அமராவதிக் கரையோரப் பகுதி கரைவழி நாடு என்று வழங்கப்பட்டது. கொழுமம், கடத்தூர் முதலிய ஊர்க் கோயில்களில் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஆகவே நம் ஊரைப் பற்றிய செய்தி நம் ஊர்ச் சுவரில்தான் இருக்கும் என்று எண்ணாமல், பக்கத்து ஊர்க் கல்வெட்டுகளிலும் தேட வேண்டும்.

1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இப்பகுதி கும்பினியார் வசமாயிற்று. 1858ல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், ஒவ்வொரு மானிய நிலமும் எந்தக் கைங்கர்யத்துக்காக விடப்பட்டது, யார் அனுபவத்தில் உள்ளது என்று விசாரித்துப் பதிவேடுகளில் ஏற்றியது. கோயில் நிலங்களுக்கு அப்பதிவேடு இன்றும் தலையாய சான்று. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இத்தகைய பழைய ரெவின்யூ ஆவணங்களைப் பார்வையிட வழியுண்டு. 1961 ஜனக்கணக்கெடுப்பை ஒட்டிச் சென்னை மாநிலக் கோயில்களைப் பற்றியும் தொகுதிகள் வெளியாயின. மேலும், 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சொத்துப் பதிவேடு இருத்தல் வேண்டும். நிலம், நகை மட்டுமன்றி, கோயிலின் வரலாறும் விக்ரஹங்களின் விவரமும் அதில் இடம்பெற வேண்டியவை.

தேடுவோர் இரண்டு விஷயங்களில் விழிப்பாயிருக்க வேண்டும். முதலாவது, ஊர்ப்பெயர். கருமத்தம்பட்டிக்கு அருகில் இன்னொரு கணியூர் இருக்கிறது. 2009ல் திருப்பூர் மாவட்டம் பிரியும் வரை இரண்டு கணியூரும் கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே இருந்தன. ஆகையால் பழைய காகிதத்தில் கணியூர் என்று கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், உடுமலைப்பேட்டை தாலுகா என்று இருக்கிறதா, அமராவதி ஆறும் நம் அண்டையூர்களும் எல்லையில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வருஷக் கணக்கு. பழைய கணக்குகளில் பசலி வரும். அதனோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலையில் தொடங்குவதால், பசலி 1360 என்பது 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை ஆகும். தமிழ் வருஷப் பெயரோ 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒரு படத்தின் பின்புறம் 'சுக்கில வருஷம் புரட்டாசி' என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 1929 ஆகலாம், 1989உம் ஆகலாம். படத்தின் ஓரத்தில் மண்டபத் தூணில் மின்விளக்கு தெரிந்தால் அது 1929 ஆதல் அரிது. ஏனெனில் பைகாரா நீர்மின் நிலையம் 1932ல் தொடங்கிய பின்னரே நம் ஜில்லாக் கிராமங்களில் மின்சாரம் மெல்லப் பரவியது. ஆகவே படத்தின் நடுவிலுள்ள பெருமாளை ஸேவித்தபின், ஓரங்களையும் உற்று நோக்குக. விளக்கு, கூரை, குடை, வேஷ்டி கட்டிய விதம் ஆகிய யாவும் காலம் சொல்லும்.

வாய்மொழிக்கும் இவ்வாறே கேள்வி கேட்கலாம். ஆற்று வெள்ளம் வீதிக்கு வந்தது என்று ஒரு பாட்டியார் சொன்னால், ஆண்டு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அமராவதி அணை கட்டுவதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் உடனே சொல்வார். அணை 1957ல் எழுந்தது. அவ்வளவில் ஒரு எல்லை கிடைத்துவிடும்.

அடியேன் செய்த அபசாரம்

பிறருக்கு உபதேசிக்குமுன் தன் குற்றத்தைச் சொல்லிக்கொள்வது முறை. பாடசாலை முடித்து வந்த புதிதில், அடியேனுக்கு இருபது வயதிருக்கும். ஸம்ப்ரோக்ஷணத்துக்காக உக்ராண அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு மரப்பெட்டியில் கரையான் அரித்த ஓலைக்கட்டும் சில கணக்குக் காகிதங்களும் கிடைத்தன. ஜீர்ணமானவற்றைத் தீர்த்தத்தில் சேர்ப்பதே சாஸ்திரம் என்று எண்ணி, ஒரு வரிகூடப் படியாமல், ஆடிப் பதினெட்டன்று அமராவதியில் விட்டேன். அன்று அதைப் பெரிய புண்ணியமாகவே கருதினேன். பின்னாளில் டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஆகம விதியென்று சொல்லி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டதை அவர் துயரத்தோடு எழுதியிருப்பதைக் கண்டு தலைகுனிந்தேன். அங்கே அக்னி, இங்கே ஜலம், அபசாரம் ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பனியன் தொழிலுக்காக அவர் குடும்பம் ஊரைவிட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆயிற்று. திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படி தம் பாட்டனாருடையது என்று கேட்டிருப்பதாகவும், அதற்கு ஏதேனும் கணக்கு உண்டா என்றும் வினவினார். ஒருவேளை அந்தப் பெட்டியில் இருந்திருக்கலாம்; இல்லாமலும் இருந்திருக்கலாம். எதுவென்று சொல்ல முடியாத நிலையை உண்டாக்கியவன் அடியேன். நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கண்கலங்கினார்.

பின்னர் உள்ளூரில் வேறொரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் புறப்பாட்டுப் படம் ஒன்று அகப்பட்டது. பெருமாளுக்குக் குடை பிடித்து நிற்பவர் தம் பாட்டனாரே என்று அந்த அம்மையார் அடையாளம் சொன்னார். வீட்டில் இருந்த மற்றொரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், முகம் ஒத்தது. அது மண்டகப்படிக்குச் சாட்சியாகாது என்பதை அவரிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் குடைக் கைங்கர்யத்துக்கு அது சாட்சி. இப்போது திருவிழாவில் ஒரு நாள் அவர் பேரன் திருப்பூரிலிருந்து வந்து குடை பிடிக்கிறான். உள்ளதை உள்ளவளவில் சொன்னதாலேயே அந்தக் கைங்கர்யம் எவர் ஆக்ஷேபமும் இன்றி நடக்கிறது.

பக்தர்களுக்கு விண்ணப்பம்

இவ்வூரை விட்டுத் திருப்பூர், உடுமலை, கோவை என்று பல இடங்களில் வாழும் அன்பர்கள் ஆண்டுக்கொருமுறை கூடும் நாள் இது. நம் கோயிலின் சரித்திரம் உங்கள் பீரோக்களிலும் பரண்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஆகையால் அடியேன் வேண்டுவன:

பழைய படங்களைத் தேடி எடுங்கள். பின்புறத்தில் மையால் எழுதாமல், மெல்லிய பென்சிலால் இடம், ஆண்டு, உத்ஸவம், நிற்பவர் பெயர் ஆகியவற்றை இடமிருந்து வலமாகக் குறியுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். பசை தடவுவதும் பிளாஸ்டிக் உறையில் உருக்கி ஒட்டுவதும் படத்தைக் கெடுக்கும். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு, கோயிலுக்கு நகல் தந்தால் போதும்.

பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். யாரிடம் கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றாக்க வேண்டாம்.

ஓலையோ காகிதமோ கிடைத்தால் ஆற்றில் விடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் பார்க்கும் வரை உலர்ந்த இடத்தில் துணியில் சுற்றி வையுங்கள். திருப்பணி தொடங்குமுன் சுவரையும் தூணையும் படமெடுத்துவிடுங்கள்.

பெருமாளை ஸேவிக்கும்போது கண்ணாரக் காணுங்கள். திருமுடி, திருக்கரம், பீடம் என ஒவ்வொன்றையும் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். திருவரங்கத்தில் ஒரு ஈரங்கொல்லிக்கு அந்தப் பழக்கம் இருந்ததால் நம்பெருமாள் நமக்குக் கிடைத்தார். அனந்தமங்கலத்தில் எவரோ ஒருவர் படத்தோடு தேதியையும் குறித்துவைத்ததால் ஸ்ரீராமன் வீடு திரும்பினான். நம் தலைமுறையின் பங்கும் அந்த வரிசையில் சேரும்படி எம்பெருமான் அருள்புரிவானாக.

அடியேன்
ராமாநுஜ தாஸன்